இரவல் முகம்

நெல்டா பர்டிக் படப்பிடிப்புத் தளத்துக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. க்ரெஸ்ட்வே ஸ்டூடியோவில் அவள் படம் வெட்டிய அறைக்கும் நான்காம் தளத்தின் பெரிய கதவுக்கும் நடுவே ஒரு மரமும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான். இருந்தும் இருபத்தொன்பது வருடத்தில் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் நம்பத் தோன்றும் என்பாள். செயற்கை மழையில் அரை நாள் நனைந்து நடுங்கிய நடிகையை நேரில் பார்த்துவிட்டால், மறுநாள் அந்தத் துண்டு மேஜைக்கு வரும்போது நல்லதோ கெட்டதோ தூக்கி எறியக் கை வராது. திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. நனைந்ததற்கெல்லாம் மார்க் கிடையாது.

நான் அதே ஸ்டூடியோவின் லேபில் நெகட்டிவ் வெட்டினேன். எடிட்டர்கள் நகலில் வெட்டி ஒட்டி முடித்த பிறகு, ஓர எண்களைப் பார்த்து மூல ஃபிலிமை அதேபோல வெட்டுவது எங்கள் வேலை. வெள்ளைத் துணிக் கையுறை போட்ட ஒன்பது பெண்கள். எடிட்டர் தப்பு செய்தால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் தப்பு செய்தால் அந்த ஷாட் போனதுதான். ஆகவே நெல்டா வெட்டிய நாற்பத்தோரு படங்களும் ஒவ்வொரு வெட்டாக என் கைவழியே போயிருக்கின்றன. அவளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் ரயில் நிற்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அப்பா தானியக் கிடங்கில் எடை போடுபவர். அவர் தராசில் விரல் வைக்கிறார் என்று ஊரே சந்தேகப்பட்டது. விவசாயிகள் வீட்டிலேயே ஒரு முறை எடை போட்டுக்கொண்டுதான் வண்டி கட்டுவார்கள். அவர் விரல் வைத்தாரா என்று நான் ஒரு முறை கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். அதைச் சாதாரணமாக, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

பதினேழு வயதில் அக்கா ஆர்டிஸோடு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து, லேபில் ஒட்டுப் போடும் வேலையில் சேர்ந்தாள். அப்போது படங்களுக்குப் பேச்சு கிடையாது. நாள் முழுக்கப் பேசாத வாய்களையே பார்த்துப் பார்த்து உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். காதல் காட்சியில் உருகும் கதாநாயகன் உண்மையில் தன் செருப்பு கடிப்பதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான்; கதாநாயகி அவன் தின்ற வெங்காயத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். பேசும் படம் வந்தபோது, இனி இது இயந்திர வேலை, பெண்களுக்கு ஆகாது என்று பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நெல்டா போகவில்லை. ஒலி ரீலையும் பட ரீலையும் சேர்த்துப் பிடிக்கும் வேலையை ஆறே வாரத்தில் தானாகவே படித்துக்கொண்டாள். 1934-ல் அவள் பெயர் தனியாகத் திரையில் வந்தது.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை ஓர் ஒளிப்பதிவாளரின் உதவியாளர். ஒரு நாள் காலை, முந்தின நாள் எடுத்த ரஷஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, செட்டில் இருந்த நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் கேமராக் கூட்டத்தின் பிரதிபலிப்பு இரண்டே ஃபிரேம் விழுந்திருந்தது. அந்த இரண்டு ஃபிரேமில் கணவன் தோளில் உடை அலங்காரப் பெண்ணின் கை. நெல்டா அந்தத் துண்டை வெட்டி, ஒரு உறையில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். விளக்கம் சொல்ல அவன் மூன்று முறை வந்தான். மூன்று முறையும், பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் காட்டச் சொன்னாளாம்.

அவளுடைய வேலையில் எல்லோரும் வியந்தது ஒரு விஷயத்தை. நடிகர்கள் நடிக்காத நேரத்து முகங்களை அவள் எடுத்துப் பயன்படுத்துவாள். டைரக்டர் ஆரம்பி என்று சொல்வதற்கு முன்னால் கேமரா சில வினாடி ஓடிக்கொண்டிருக்கும். போதும் என்று சொன்ன பிறகும் ஓடும். அந்த நேரத்தில் ஆள் தன்னை மறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் துண்டை எடுத்து, வேறொரு காட்சியில், இறந்த கணவனின் கடிதத்துக்கு அடுத்தபடியாக வைத்தால் அது துக்கம். குழந்தையின் தொட்டிலுக்கு அடுத்தபடியாக வைத்தால் அது பாசம். எல்லா எடிட்டர்களும் அவசரத்துக்கு இதைச் செய்வதுண்டு. நெல்டா செய்ததில் மட்டும் ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கட்டிடத்தில் அதற்குப் பெயர் இரவல் முகம். இது கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். விவியன் ஸ்டோரர் கப்பல்காரன் மனைவியாக நடித்த படத்தில், ஜன்னலோரம் நின்று நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வைக்காகப் பத்திரிகைகள் அவளைக் கொண்டாடின. அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஐந்தாறு பேருக்குத் தெரியும். விவியனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் தன் படங்களை நெல்டாவைத் தவிர வேறு யாரும் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினாள்.

மோ கிராபர் என்று ஒரு ஒலி எடிட்டர் நெல்டாவுக்குப் பக்கத்து அறையில் இருந்தான். நியூயார்க் பிராங்ஸ்காரன். காலடி ஓசை, கதவுச் சத்தம், இடி எல்லாம் அவன் கைவேலை. தினமும் ரை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் கொண்டுவந்து, பாதி வெள்ளரியை நெல்டாவின் மேஜையில் வைத்துவிட்டு, இன்றைக்கு யார் முகத்தைத் திருடினாய் என்று கேட்பான். பதினோரு வருடமாக இது நடந்தது. 1952 பிப்ரவரியில் நின்றது.

அந்த வருடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சினிமாவில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடி வாஷிங்டனில் விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், யாரோடு நின்றார் என்று பட்டியல்கள் சுற்றின. எங்கள் கட்டிடத்தில் யாரும் கத்தவில்லை, யாரும் கைதாகவில்லை. ஒரு திங்கட்கிழமை ஒருவருடைய அறைக் கதவில் பெயர்ப்பலகை இருக்காது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பார்கள். அவ்வளவுதான். எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நடக்கப் பழகினோம். பழைய வகை ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் கட்டிடத்துக்குள் புகைபிடிக்கத் தடை; பின்முற்றத்தில் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. முன்பெல்லாம் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அந்த வருடம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் வாசலிலேயே திரும்பிவிடுவார்.

ஸ்டூடியோவின் வக்கீல் வின்ஃபீல்ட் டேட்டின் அறைக்கு நெல்டாவை இரண்டு முறை கூப்பிட்டார்கள். 1938-ல் ஸ்பெயின் நாட்டு அகதிக் குழந்தைகளுக்காக இடதுசாரிகள் நடத்திய விருந்தின் வருகைப் புத்தகத்தில் அவள் கையெழுத்து இருந்ததாம். சாப்பிடப் போனேன் என்று சொல்லியிருக்கிறாள். விவியன் ஸ்டோரரின் படம் அவள் மேஜையில் பாதி வெட்டியபடி இருந்ததால் டேட்டும் அதற்கு மேல் தோண்டவில்லை. இது எனக்கு அவள் சொல்லித் தெரியும். மோவுக்கு அவள் சொல்லவில்லை. அவன் வேறுவிதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஒரு நாள் முற்றத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட்டான்.

"ரெண்டு தடவை டேட் ரூமுக்குப் போயிட்டு வந்திருக்கே. மத்தவங்க ஒரு தடவை போனாலே நாற்காலி காலியாகுது. உன் நாற்காலி மட்டும் எப்படி அப்படியே இருக்கு, நெல்டா?"

"என்னைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு."

"எல்லாரையும் வேற விஷயத்துக்குத்தான் கூப்பிடுறாங்க."

நெல்டா எழுந்து உள்ளே போய்விட்டாள். விளக்கம் சொல்பவர்களை அவளுக்கே பிடிக்காது. மறுநாள் முதல் மேஜையில் வெள்ளரி இல்லை. ஒலி ரீல்களை மோ வேறு ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். நெல்டாவும் சும்மா இருக்கவில்லை. தான் வெட்டி ஒதுக்கிய ஃபிலிம் துண்டுகள் தொங்கும் துணித்தொட்டியை யாரோ கிளறியிருக்கிறார்கள் என்றும், அது மோவாகத்தான் இருக்கும் என்றும் என்னிடம் சொன்னாள். எதைத் தேடுவான் என்று கேட்டேன். சந்தேகப்படுகிறவன் எதையாவது தேடுவான், கிடைக்கிறது எதுவானாலும் அதைத்தான் தேடினதாக நினைத்துக்கொள்வான் என்றாள். அலமாரிக்குப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினாள்.

ஏப்ரல் மாதம் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். இம்முறை டேட் அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. மூன்றாம் திரையறையில் உட்காரவைத்து ஒரு சின்ன ரீலைப் போட்டுக் காட்டினார். வீட்டுக் கேமராவில் எடுத்த பதினாறு மில்லிமீட்டர் படம், சத்தம் கிடையாது. ஊர் ஊராக இதுபோன்றவற்றைச் சேகரித்து ஸ்டூடியோக்களுக்கு விற்கும் ஒருவன் கொண்டுவந்தது. 1945 வேலைநிறுத்தக் காலத்தில் ஏதோ ஒரு கூடத்தில் நடந்த கூட்டம். கம்யூனிஸ்ட் என்று பட்டியலில் இருந்த துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஒருவர் மேடையில் கையை ஓங்கிப் பேசுகிறார். அடுத்து, கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்டுகிறான். மறுபடி மேடை. முடிந்தது.

டேட் கேட்டது ஒரே கேள்வி. அது மோ கிராபர்தானா? பதினோரு வருடம் பக்கத்து அறையில் இருந்தவள் என்பதால் அவளைக் கேட்கிறாராம். நெல்டா ஆமாம் என்றாள். ஒரு தாளில் கையெழுத்தும் போட்டாள். பொய் சொல்லவில்லை. அது மோதான்.

திங்கட்கிழமை மோவுக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலிடத்தில் ஆஜராக வேண்டும். அப்படி ஆஜரானவர்களில் திரும்பி வந்து வேலை பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அதற்குப் பிறகு வேறு ஸ்டூடியோவும் சேர்க்காது. மோவுக்கு வயது நாற்பத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் நெல்டா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருந்தாள்.

"ஓபல், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கேவலமான தப்பு. அது நல்ல வெட்டுன்னு நினைச்சுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாக விளக்கினாள். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு ஆள். மேடையில் இருப்பவர் கை ஓங்கிய நிலையில் படம் வெட்டுகிறது. கை இறங்கும் அதே நொடியில் மோவின் உள்ளங்கைகள் சேருகின்றன. ஒரு கேமரா ஒரே நொடியில் இரண்டு பக்கம் எப்படிப் பார்க்கும்? வீட்டுப் படம் எடுப்பவன் கேமராவைத் திருப்புவான், ஆட்டுவான், நடுவில் மற்றவர்கள் தலையெல்லாம் விழும், அதற்குள் கைதட்டல் ஓய்ந்திருக்கும். இது மேஜையில் உட்கார்ந்து யாரோ சேர்த்தது. கரடுமுரடாக ஒட்டியிருந்தால் அங்கேயே அவள் கண்ணில் உறுத்தியிருக்கும். வழுக்கிக்கொண்டு போனதால் விட்டுவிட்டாள். கட்டிடத்துக்கு வெளியே எவனைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் அரைகுறைச் சந்தேகமாவது பட்டிருப்பான். சரியான இடத்தில் வெட்டினால் சந்தோஷப்படுவதற்கு இருபத்தாறு வருடமாகப் பழகிய கண்தான் ஏமாந்தது.

"நான் வெட்டியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். ரெண்டு ஃபிரேம்கூடத் தள்ளியிருக்க மாட்டேன்" என்றாள்.

அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கணம், ஒரே கணம், அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

ரீலை மறுபடி பார்க்க வேண்டும் என்று டேட்டிடம் கேட்டாளாம். எதற்கு, அன்றைக்கு நிச்சயமாகத்தானே சொன்னீர்கள், யாராவது உங்களிடம் பேசினார்களா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ரீல் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது.

புதன்கிழமை காலை அதே ரீல் எங்கள் லேபுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஒரு நகல் வேண்டுமாம். டப்பாவின் மேல் 'ரகசியம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நகல் போடும் முன் எந்த ஃபிலிமையும் துடைத்து, ஒட்டுகளைச் சோதித்து, ஓரங்களைப் பார்த்துத்தான் மெஷினில் ஏற்றுவோம். அதைச் செய்யாதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஃபிலிம் தயாரிக்கும் கம்பெனி அதன் ஓரத்தில், எந்த வருடம் தயாரித்தது என்பதைக் காட்டச் சின்னங்கள் போடும். நகல் எடுத்தால் மூலத்தின் சின்னமும் சேர்ந்து பதிந்துவரும். எங்கள் சுவரில் அதற்கான அட்டவணை ஒட்டியிருந்தது. மோவின் ஷாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டு இருந்தது; வீட்டுப் படங்களில் அது சகஜம். மேடையில் பேசுபவரின் ஷாட்டில் இருந்த சின்னம் 1945. மோ கை தட்டும் ஷாட்டில் இருந்தது 1949. கூட்டம் நடந்து நான்கு வருடம் கழித்துத் தயாரான ஃபிலிமில் எப்படி அந்தக் கூட்டத்தை எடுத்திருக்க முடியும்? மூன்று முறை பார்த்தேன். பிறகு ஒரு விஷயம் தோன்றியது. திரையில் போடும்போது படத்தின் ஓரங்கள் கொஞ்சம் மறைந்துவிடும்; கையில் வைத்துப் பார்த்தால் முழுதும் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை மூலைக்குக் கொண்டுபோனேன். மோவின் இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளை மேஜைத்துணியின் விளிம்பு. அதன்மேல் தட்டு. தட்டில் ஒரு துண்டு தேங்காய் கேக்.

கையுறையைக் கழற்றாமலே முற்றத்தைக் கடந்து போய் நெல்டாவிடம் சொன்னேன். வருடத்தைச் சொன்னபோது தலையை ஆட்டினாள். கேக்கைச் சொன்னதும் கையில் இருந்த ஃபிலிமைக் கீழே வைத்தாள். எனக்கும் அதற்குள் நினைவு வந்துவிட்டது. 1949 அக்டோபரில், அவள் எடிட்டராகிப் பதினைந்து வருடம் ஆனதற்குக் கட்டிடத்தில் ஒரு மதிய விருந்து வைத்தோம். கேக் அவள் அக்கா ஆர்டிஸ் செய்தது. டெல்பர்ட் நைஸ் என்ற எடிட்டர் தன் சொந்தக் கேமராவில் அதை எடுத்தான். மறுவருடமே வேலையை விட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டான்.

"அவன் எனக்குத்தான் கை தட்டுறான்" என்றாள் நெல்டா.

நான் யோசிக்கச் சொன்னேன். கையெழுத்துப் போட்டவள் நீ. இப்போது மாற்றிப் பேசினால் மோவோடு சேர்ந்தவள் என்பார்கள். ஸ்பெயின் விருந்து மறுபடி வெளியே வரும். ரீலை நான் பார்த்ததே தவறு என்று என் வேலையும் போகலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் சொன்னது பொய்யா இருந்தா வாபஸ் வாங்கிட்டுப் போயிடலாம். உண்மையைச் சொல்லி ஒருத்தனை மாட்டிவிட்டுட்டேன். அதை எப்படி வாபஸ் வாங்குறது?"

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் திரையறை. டேட், தயாரிப்புத் தலைவர் கால்வின் ப்ரூக், நெல்டா, ரீலை எடுத்துவந்த நான். ஓரச் சின்னத்தையும் மூலையில் இருந்த கேக்கையும் காட்டினேன். டேட் கண்ணாடியில் நீண்ட நேரம் பார்த்தார். அட்டவணையை யார் சுவரில் ஒட்டியது, யார் சரிபார்த்தது என்றெல்லாம் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"நகல் போடும்போது ஏதோ சின்னம் மாறியிருக்கலாம். கேக் எங்க வேணா இருக்கும். ஆனா நான் என் கண்ணால பார்த்தேனே. அந்த ஆள் பேசுறான், இவன் கை தட்டுறான். ரெண்டும் ஒண்ணாத்தானே நடக்குது?"

நெல்டாவுக்கு அதற்கு மேல் ஒரே வழிதான் இருந்தது. ஆபரேட்டரிடம் தான் கொண்டுவந்த இரண்டு ரீல்களைக் கொடுத்தாள். முதல் ரீலில் விவியன் ஸ்டோரர் ஜன்னலோரம் நின்று நிமிர்ந்து பார்த்தாள். கப்பல் மூழ்கிய செய்தி. ப்ரூக் எத்தனையோ முறை பார்த்ததுதான். அப்போதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாவது ரீலில் அதே ஷாட் வெட்டப்படாமல், சத்தத்தோடு. கேமரா ஓடுகிறது, டைரக்டர் இன்னும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. விவியன் நிமிர்ந்து, மேலே விளக்குப் பலகையில் இருந்தவனைப் பார்க்கிறாள். அதே பார்வை. பிறகு வாய் திறந்து, சாப்பாடு வந்தாச்சா, இன்னிக்கும் அந்த மீன்தானா என்று கேட்கிறாள்.

ப்ரூக் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இந்த மாதிரி எத்தனை இருக்கு?" என்றார்.

"எண்ணினதில்ல."

டேட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எந்தப் படத்தையுமே நம்பக் கூடாதுங்கிறீங்களா, மிஸ் பர்டிக்?"

"எல்லாம் பொய்தான், சார். உங்க சம்பளமும் அதுல இருந்துதான் வருது."

மோவின் விசாரணை அன்று மதியமே ரத்தானது. ரீலை விற்றவனைப் பிறகு யாரும் ஸ்டூடியோ வாசலில் பார்க்கவில்லை. திரையறையில் நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ப்ரூக் எங்களிடம் வாக்கு வாங்கினார். ஆபரேட்டரிடம் வாங்க மறந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கட்டிடம் முழுக்கத் தெரிந்தது. திங்கட்கிழமைக்குள் விவியனுக்குத் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை என்றும், அந்தப் பெண் இனி என் முகத்தைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னாள் என்றும் கேள்விப்பட்டேன். நெல்டாவைக் குதிரைச் சண்டைப் படங்களுக்கு மாற்றினார்கள். குதிரைகள் நடிப்பதில்லை, நிம்மதி என்றாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, விசாரணைக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், மோ முற்றத்துக்கு வந்தான். நானும் நெல்டாவும் பெஞ்சில் இருந்தோம். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் எழுந்தேன். அவன் என்னை உட்காரச் சொன்னான்.

"டெல்பர்ட் அந்த விருந்துப் படத்தை எத்தனை காப்பி போட்டான்?"

லேபில் அதைப் போட்டது நான். "ஒரிஜினலைப் போட்டுப் பார்த்துக் கீறல் விழக் கூடாதுன்னு ரெண்டு காப்பி போடச் சொன்னான். அதுக்கப்புறம் ஒரிஜினலும் வீணாப்போச்சு, அவன் வீட்டுல தண்ணி புகுந்து" என்றேன்.

"ஒரு காப்பி அவன்கிட்ட. இன்னொண்ணு?"

"என்கிட்ட" என்றாள் நெல்டா. "விருந்து எனக்குத்தானே. பரிசாக் கொடுத்தான். அலமாரில கீழ்த்தட்டுல இருக்கு. பூட்டு போட்டிருக்கேன்."

"டெல்பர்ட்டுக்கு நேத்து போன் பண்ணினேன். வீடு மாத்தும்போது அவன் காப்பி தொலைஞ்சிடுச்சாம்." மோ ஒரு சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் கையில் உருட்டினான். "அந்த வேலையை எப்படிச் செய்றதுன்னு பெரிய ஆளுங்க முன்னாடி நீயே செஞ்சு காட்டியிருக்கே. இந்த ஊர்ல உன்னைவிட நல்லா அதைச் செய்றவங்க யாரும் இல்ல. நான்தான் அதைப் பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப நான் என்ன நினைக்கணும்?"

"உன் இஷ்டம், மோ. உன் நாற்காலி இருக்கில்ல."

"இருக்கு. உன்னுதும் இருக்கு. அதான் எனக்குப் புரியல."

அவன் போன பிறகு நான் படபடத்தேன். அலமாரியைத் திறந்து அந்த டப்பாவைக் காட்டு, துண்டு அதிலேயே இருக்கிறதா இல்லையா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். நெல்டா சாண்ட்விச் தாளை நான்காக மடித்தாள்.

"காட்டினா? வெட்டி எடுத்துட்டு, வேற காப்பில இருந்து எடுத்துத் திரும்ப ஒட்டியிருப்பேன்னு சொல்வான். எனக்கு ஒட்டுப் போடத் தெரியாதா?"

மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தார்கள். எதிரே வந்தால் தலையாட்டிக்கொள்வார்கள். கட்டிடத்தில் புதிதாக வந்தவர்களுக்கு, நெல்டா பர்டிக் எடிட் செய்யும் படத்தில் உன் முகம் தெரியும்படி நிற்காதே என்று யாராவது சொல்லிவைப்பார்கள், பாதி வேடிக்கையாக. அவளும் அதைக் கேட்டிருக்கிறாள். 1955-ல் ஸ்டூடியோ ஆட்களைக் குறைத்தபோது டெலிவிஷனுக்குப் போனாள். வாரம் ஒரு துப்பறியும் கதை. வெட்டுவதற்கு ஒன்பது நாள். பத்து வருடம் அதைச் செய்தாள். 1966-ல் பர்பாங்கில், ஆர்டிஸ் வீட்டில், நுரையீரல் நோயில் இறந்தாள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடித்தவள் அல்ல. டாக்டர் அதைக் கடைசிவரை நம்பவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் ஆர்டிஸ் என்னைக் கூப்பிட்டு, ஃபிலிம் சாமான்களைப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த டப்பா இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கையுறை போட்டுக்கொண்டு, முழு ரீலையும் வெளிச்சத்தில் வைத்து அடி அடியாகப் பார்த்தேன். ஒரு ஒட்டுகூடக் கிடையாது. ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே நீளம். நான் லேபில் போட்டுக் கொடுத்தபடியே. மோ கை தட்டும் ஷாட் அதன் இடத்தில் இருந்தது. இரண்டு காப்பியில் ஒன்று முழுசாக இருக்கிறதென்றால், வெட்டுப்பட்டது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

மோ அப்போதும் வேலையில் இருந்தான். வேறு ஸ்டூடியோ, அறுபத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம். ஒலி எடிட்டருக்கு அதைவிட ரகசியம் வேறில்லை. டப்பாவோடு போய் நின்றேன். நெல்டா இறந்ததை அறிந்திருந்தான். ரீலை மெஷினில் மாட்டி இரண்டு முறை ஓட்டினான். திரையில் நாங்கள் எல்லோரும் பதினேழு வருடம் இளமையாகக் கேக் தின்றுகொண்டிருந்தோம். நெல்டா எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மோ எழுந்து நின்று கை தட்டினான்.

"நல்லாத்தான் தட்டியிருக்கேன்" என்றான்.

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒட்டு இல்லை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லக்கூடிய விரல்கள். ரீலின் கடைசிவரை தடவிக்கொண்டே போனான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மொத்தம் ரெண்டே காப்பிதான், மூணாவது கிடையாதுன்னு சொன்னது யாரு, ஓபல்?"

"நான்தான்."

"லேப் புத்தகத்துல எழுதி வச்சது?"

"அதுவும் நான்தான், மோ."

தலையை ஆட்டினான். ரீலைச் சுருள் கலையாமல் நிதானமாகச் சுற்றி, டப்பாவில் வைத்து மூடி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். எழுந்து வந்து கதவைத் திறந்து, நான் வெளியே போகும்வரை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.